காருக்குள் எஞ்சின் சத்தம் கூடுதலாகக் கேட்க இன்டேக்கை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கிற கோன் ஃபில்டர் (பெட்டியில்லாமல் திறந்து நிற்கிற கூம்பு வடிவக் காற்று வடிகட்டி) வேண்டாம், சைலன்சரில் கையே வைக்க வேண்டாம்.

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வெள்ளவத்தையில் இருக்கிறார், பழைய ஸ்விஃப்ட் ஓடுகிறார், நண்பனின் காரில் ஏறினால் எஞ்சின் உறுமுவது கேட்கிறது, தன் காரில் ஏசிச் சத்தம் மட்டும்தான், காற்று உள்ளே போகிற பாதையை மாற்றினால் சரிவருமா, பொலிஸ் மறிப்பார்களா. எழுதிய விதத்தைப் பார்த்தால் என்னைவிட இளையவர், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தம்பி, "பெற்றோல் விற்கிற விலையில் இதெல்லாம் தேவையா" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அவர் வீட்டு டிவி எத்தனை இஞ்ச் என்று நாம் போய்க் கேட்பதில்லை. இதே வேலையைச் செய்யப்போய் வீட்டில், ஒஃபிஸில், கராஜில் என்று எல்லா இடத்திலும் சிரிப்பு வாங்கியவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். இன்டேக் வால்வ் திறந்து பிஸ்டன் காற்றை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு அழுத்தத் துடிப்பு, வந்த வழியே திரும்பிப் போகிறது. மிதிக்கும்போது திறக்கிற த்ரொட்டில் என்ற கதவு, ஃபில்டர் பெட்டி, அதன் மூக்கு எல்லாவற்றையும் தாண்டி வெளியே வருகிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு. 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 100 துடிப்பு, 6000இல் 200. த்ரொட்டில் மூடியிருக்கும்போது இந்தத் துடிப்புக்கு வழி இல்லை, நீங்கள் மிதித்தால்தான் வாசல் திறக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். மிதித்தால் கேட்கும், காலை எடுத்தால் அடங்கிவிடும். சைலன்சரை வெட்டினால் கொழும்பு காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போதும் காதுக்குள் வண்டு பறக்கும், அதை யாரால் தாங்க முடியும்?

கம்பனிக்காரர் இந்தத் துடிப்பை அடக்கத்தான் ஃபில்டர் பெட்டியைச் சுற்றி வெறும் பிளாஸ்டிக் பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே ஒன்றுமே இருக்காது. ரெசனேட்டர் என்பார்கள். வெறும் போத்தல் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதே சங்கதிதான். அந்தப் பெட்டியின் அளவுக்கு எந்தச் சுருதியோ அதை அது விழுங்கிவிடும். கார் பக்கத்தால் போகும்போது எவ்வளவு சத்தம் வரலாம் என்று பல நாடுகளில் சட்ட வரம்பு இருக்கிறது, இன்டேக் சத்தமும் அந்தக் கணக்கில் சேரும், அதனால் பெட்டிகள்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு கையால் அடக்கிய சத்தத்தை மறு கையால் அவர்களே திருப்பிக் கொடுக்கிறார்கள். 2012இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டிலும் இன்டேக்கிலிருந்து ஃபயர்வோல் (எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் ஒரு குழாய் போகும், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. காற்று அதைத் தாண்டாது, அதிர்வு மட்டும் தாண்டும். ஃபோர்ட் ஃபோகஸ் எஸ்டியிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, அதற்கு சவுண்ட் சிம்போசர் என்று பெரிய பெயர். பிஎம்டபிள்யூ எஃப்10 எம்5இல் அதுகூட இல்லை, ஸ்பீக்கர் வழியாக எஞ்சின் சத்தம் போடுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயில் முன் கண்ணாடிக்குக் கீழே அதிர்கிற ஒரு கருவி. கோடிக்கணக்கில் காசு கொடுத்து அதை வாங்குபவனை ரசனைக்காரன் என்பார்கள், பழைய சிவிக்கில் நான் ஒரு குழாய் போட்டால் விசரன்.

என்னுடையது 2007 சிவிக், 1.8, ஓட்டோ கியர். "விடெக் அடிக்குதா மச்சான்" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஆர்18 எஞ்சினில் விடெக் (வால்வ் திறக்கிற விதத்தை மாற்றுகிற ஹொண்டாவின் ஏற்பாடு) இருப்பதே பெற்றோல் மிச்சம் பிடிக்க, மெதுவாக ஓடும்போதுதான் வேலை செய்யும். அடிக்க அங்கே ஒன்றும் இல்லை. அமைதியான, நல்ல பிள்ளையான எஞ்சின். எனக்கு அந்த அமைதிதான் அலுத்துப்போனது.

தெமட்டகொடையில் நான் வழக்கமாகப் போகிற கராஜில் போய் விஷயத்தைச் சொன்னேன். மெக்கானிக் பாஸ் நல்ல வேலைக்காரர், ஆனால் கேட்டதும் சிரித்தார். "சத்தம்தானே மாத்தயா வேணும், சைலன்சரை வெட்டுவம், பின்னேரமே எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வெளியே ஒரு சத்தமும் கூடக் கூடாது, உள்ளே மட்டும் கேட்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பக்கத்தில் நின்ற பையன் திரும்பிக்கொண்டு சிரித்தான். சரி, சிரிக்கட்டும் என்று வீட்டில் வரைந்துகொண்டு போன படத்தை பொனட்டில் விரித்து வைத்தேன்.

ஃபில்டர் பெட்டிக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் போகிற குழாயில் ஒரு கிளை. கிளையில் 60 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு சவ்வு, இரண்டு வளையத்துக்கு நடுவில் இறுக்கியது. அங்கிருந்து அலுமினியக் குழாய் ஃபயர்வோல் வரை. பாஸ் பிவிசி பைப் போதும் என்றார், எஞ்சின் சூட்டுக்கு அது இளகும் என்று நான் விடவில்லை. மடிப்பு மடிப்பான ஹோஸையும் வேண்டாம் என்றேன், அது சத்தத்தைக் குடித்துவிடும். சவ்வுக்கு அவர் சைக்கிள் டியூபை வெட்டி எடுத்துவந்தார். அதில்தான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். எஞ்சினின் மூச்சுக்குழாய் அந்த இன்டேக் குழாயிலேயே வந்து சேர்கிறது, அதில் ஒயில் ஆவி எப்போதும் இருக்கும், சாதாரண இறப்பர் ஒயில் பட்டால் ஊதிப் பொதுமிவிடும். சிலிக்கன் ஷீட்தான் வேண்டும் என்று நின்றேன். சந்தேகம் தீர டியூப் துண்டு ஒன்றை ஒயில் டப்பாவில் போட்டு வைத்தார். அடுத்த முறை போனபோது அவரே எடுத்துக் காட்டினார், பேச்சில்லை.

குழாயைக் காருக்குள் விடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபயர்வோலின் எஞ்சின் பக்கத்தோடு நிறுத்தி, தகட்டோடு சேர்த்து முடித்தோம், தகடே அதிர்ந்து சத்தத்தை உள்ளே கொடுக்கும். சவ்வு என்றாவது கிழிந்தால் ஒயில் ஆவியும் பெற்றோல் ஆவியும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கு வரக் கூடாது, அதற்காகத்தான். "86இல் உள்ளே விடுகிறார்களே" என்று யாராவது எழுதுவீர்கள். அது ஃபக்டரி வேலை, இது தெமட்டகொடை வேலை. கடைசியில் இணைப்பெல்லாம் சவர்க்கார நீர் பூசி, காற்றை மெல்ல அடித்துக் கசிவு பார்த்துத்தான் பொனட்டை மூடினோம். காற்றளவு சென்சருக்குப் பிறகு ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும், கணக்கில் வராத காற்று உள்ளே போய் எஞ்சின் ஒழுங்காக நிற்காது.

தெற்கு அதிவேக வீதியில் கொட்டாவையில் ஏறும்போது அழுத்தி மிதித்தேன். 3000 வரை ஒன்றுமில்லை. அதற்கு மேலே ஒரு கரகரத்த, அடித்தொண்டைச் சத்தம் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து எழும்பி வந்தது. 100 வந்ததும் காலை எடுத்தேன், வீதியின் வேகம் அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த மனைவி "கார் பழுதாப் போச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்கும். எங்கள் ஃப்ளட்ஸ் வாட்ச்மேனுக்கு இன்றுவரை காரில் ஒரு மாற்றமும் தெரியாது. பாஸ் இப்போது அதே வேலையை வேறு ஆட்களுக்கும் செய்து கொடுக்கிறாராம், படம் என்னுடையது என்று சொல்கிறாரா என்பது வேறு கதை.

இந்தக் காரையே வைத்து மாரடிப்பதற்கும் காரணம் உண்டு. கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்திருந்தார், ஸ்காபரோவில் இருக்கிறார். காரில் ஏறி, சத்தத்தைக் கேட்டு, "இதுக்கு மினக்கெடுற நேரத்துக்கு இதை வித்துப்போட்டு ஒரு மஸ்டாங் எடுக்கலாமேடா" என்றார். அண்ணா, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய கார் எல்லாம் நகை மாதிரி விலை ஏறியது, திறந்த பிறகும் வரிக்கு மேல் வரி. அங்கே மாதச் சம்பளத்தில் கட்டுப்பணம் கட்டி வாகனம் எடுப்பவர்களுக்கு இங்கே 2007 சிவிக் ஒரு சொத்து என்பது ஏறுவதில்லை. 2022இல் கியூஆர் கோட் காட்டி வாராந்தம் அளந்து தந்த பெற்றோலில் இந்தக் காரை ஓட்டியவன் நான். வருடத்தில் இரண்டு கிழமை வந்து நின்றுவிட்டு புத்தி சொல்வது சுலபம். சரி, விடுவோம், கேள்வி இதில்லை.

கோன் ஃபில்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? சத்தம் வரும், உண்மை. ஆனால் பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்த ஃபில்டர் வைத்தால் அது குடிப்பது எஞ்சின் சூட்டுக் காற்று. காற்று 10 பாகை சூடானால் அடர்த்தி கிட்டத்தட்ட 3 வீதம் குறையும், அந்த அளவுக்கு இழுவையும் குறையும். கொழும்பு வெயிலில், பம்பலப்பிட்டிச் சந்தி நெரிசலில், 92 ஒக்டேன் அடித்துக்கொண்டு நிற்கிற காரை யோசித்துப் பாருங்கள். சத்தம் கூடி, ஓட்டம் குறைந்த கார். ஒயில் பூசிய பஞ்சு ஃபில்டர் என்றால் அந்த ஒயில் காற்றளவு சென்சரின் கம்பியில் படிவதும் உண்டு. உங்கள் நண்பனுடைய காரில் இருப்பது கோன் ஃபில்டர்தான் என்று நினைக்கிறேன், அவருடைய எஞ்சினுக்கு அது ஒத்துப்போகலாம், நான் சண்டைக்கு வரவில்லை.

குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்குபவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் அந்த வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். ஒரு மணித்தியால மழைக்கு ஆமர் வீதி எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனைத் தாங்குகிற கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும், அதோடு எஞ்சின் முடிந்தது. கம்பனி அந்த மூக்கை மேலே வைத்திருப்பது சும்மா இல்லை.

பொலிஸ் விஷயம். அவர்களுக்குக் காதில் விழுவது சைலன்சர் சத்தம்தான். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தபோது எல்லோரும் கொஞ்சம் பயந்தோம், ஆனால் என் காரை வெளியே நின்று கேட்டால் அது இன்னமும் அந்த நல்ல பிள்ளைதான். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் வழமைபோலவே தேறிவிட்டது. இதை வாசித்துவிட்டு பிவைடி வாங்கியவர்கள் வந்து "அண்ணா, எலக்ட்ரிக்குக்கு மாறுங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்தக் காரும் மெதுவாக ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு சத்தம் போட்டுத்தான் ஆட்களுக்குத் தான் வருவதைத் தெரியப்படுத்துகிறது.

உங்கள் ஸ்விஃப்டுக்கு முதலில் செய்யக்கூடியது, ஒரு சதமும் செலவில்லாமல், இன்டேக்கில் ரெசனேட்டர் பெட்டி இருந்தால் அதைக் கழற்றி வாயை ஒரு மூடியால் இறுக்கி அடைத்துவிட்டு ஓடிப் பார்ப்பது. கழற்றிய பெட்டியை எறிய வேண்டாம், விற்கும்போது தேவைப்படும். அது போதாதென்றால் சவ்வுக் குழாய். சிலிக்கன் ஷீட் 1 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாக எடுக்காதீர்கள், பழைய சோனகத் தெருவில் கேஸ்கட், இறப்பர் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கிளைக் குழாய்க்குப் பஞ்சிகாவத்தையில் பழைய இன்டேக் ஹோஸ் ஒன்று வாங்கி அதில் வெட்டுங்கள், உங்கள் காரில் இருப்பதை வெட்டவே வேண்டாம். விலை சொன்னால் பாதியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.