ரத்தத்தில் ஒளிந்திருக்கும் ஓ

கேள்வி: எனக்கு ஏ பாசிட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். பள்ளி முகாமில் மகனுக்கு ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள். "எங்க வம்சத்துலயே இல்லாத குரூப்பு" என்று மாமியார் இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்படி வருமா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: தாராளமாக வரும், அம்மா. ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்த காலத்தில் இதே கேள்வியை ஜன்னல் ஓரம் வந்து தணிந்த குரலில் கேட்டவர்கள் ஏராளம்.

ரத்த குரூப்பை முடிவு செய்யும் ஜீன் ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கும். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஏ ஜீன் சிவப்பணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டும், பி ஜீன் இன்னொரு வகையை. ஓ எதையும் ஒட்டாது. பெரும்பாலும் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து விட்டுப்போனதால் வேலைக்கு ஆகாமல் போன ஜீன் அது. ஏ-யின் பக்கத்தில் அது சும்மா உட்கார்ந்திருந்தால் நாங்கள் கார்டில் ஏ என்றுதான் எழுதுவோம். உங்கள் இருவரிடமும் அப்படி ஓர் ஓ இருந்திருக்கிறது. இருவருமே அதைக் கொடுக்க நாலில் ஒரு வாய்ப்பு. நெகட்டிவும் இதே கதைதான், அதற்கும் நாலில் ஒன்று. இரண்டும் வெவ்வேறு குரோமோசோமில் (9, 1) இருப்பதால் பெருக்கிக்கொள்ளலாம்: 16-இல் 1. அடுத்த குழந்தைக்கும் இதே கணக்குதான்.

கணவரிடம் உள்ள ஓ மாமனாரோ மாமியாரோ கொடுத்தது. மாமியார் தன் குரூப்பை எப்போதாவது பார்த்திருக்கிறாரா? நேரம் பார்த்துக் கேளுங்கள்.

ஏபி குரூப்காரருக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதையும் பொய்யாக்கும் ரத்தம் உண்டு. ஏ, பி சர்க்கரைகள் எச் என்ற அடித்தளத்தின் மேல்தான் ஒட்டும். அந்த அடித்தளமே இல்லாதவர்களை 1952-இல் டாக்டர் ஒய்.எம்.பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டுபிடித்தார்கள். அதனால் பாம்பே குரூப். உள்ளே ஏ, பி ஜீன் இருந்தாலும் ஸ்லைடில் ஓ போலவே தெரியும். ஒருநாள் ராத்திரி ஓ என்று சீட்டோடு வந்த நோயாளிக்கு கிராஸ் மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்று பார்க்கும் சோதனை) செய்தேன். எடுத்த ஓ பை எல்லாமே கட்டி கட்டியாகத் திரண்டது. கை நடுங்கிவிட்டது. அவர் பாம்பே குரூப். அந்த குரூப்காரர்களுக்குப் பாம்பே ரத்தம்தான் ஏற்ற வேண்டும், சாதாரண ஓ கூடாது.

உங்கள் மகனுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் முகாமில் நீல மருந்து ஒரு சொட்டு, மஞ்சள் மருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது அவசரச் சோதனை. பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும், சிவப்பணுவின் மேல் உள்ள டி ஆன்டிஜென் பலவீனமாக இருந்தால் பாசிட்டிவ்கூட நெகட்டிவ் மாதிரித் தெரியும். ஒரு ரத்த வங்கியில் டியூப் முறையில், சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சேர்த்து, மறுபடி பார்த்துவிடுங்கள். அதுவரை பள்ளி அட்டையில் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டாம்.