வாப்பா, உம்மாவை ஜப்பானிய உணவகத்துக்குக் கூட்டிப்போகும் முன்

கீழக்கரையிலிருந்து சென்னை வரும் வாப்பாவையும் உம்மாவையும் மகள் ஆசைப்பட்ட ஜப்பானிய ஃப்யூஷன் கடைக்கு அழைத்துப்போக வேண்டும், பச்சை மீன் தொடமாட்டார்கள், ஹலாலாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம்.

பச்சை மீனைத் தவிர்ப்பது சுலபம். சஷிமி, அதாவது பச்சை மீன் துண்டுகள், வேண்டாம். வினிகர் கலந்த சாதத்தில் செய்யும் சுஷியிலேயே வெந்த இறால், வெள்ளரி, அவகாடோ வைத்தவை உண்டு. நம் கடற்கரை ஆட்களுக்கு இறால் டெம்புரா நிச்சயம் பிடிக்கும்; மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்தது, இறாலின் ருசி மறையாது.

கவனம் வேண்டியது சாஸில்தான். தெரியாக்கி என்ற இனிப்பு சோயா சாஸில் மிரின் என்ற இனிப்பு அரிசி மது சேர்ப்பது வழக்கம். அசல் மிரினில் ஆல்கஹால் சுமார் 14 சதவீதம். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறிலும் அது இருக்கும், எலுமிச்சையும் உப்பும் கேளுங்கள். டொன்கோட்சு ராமென் என்ற நூடுல்ஸ் சூப் பன்றி எலும்புச் சாற்றில் செய்வது. கியோசா என்ற ஜப்பானியக் கொழுக்கட்டையில் பெரும்பாலும் பன்றிக்கறி. சிக்கன் கட்சு (ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த கோழி) கேட்டால், அதே எண்ணெயில் பன்றிக்கறி பொரிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்தபின் கேட்டால் வாப்பாவுக்குச் சங்கடமாகிவிடும். முந்தைய நாளே போன் செய்து, இறைச்சி ஹலாலா, மிரின் இல்லாமல் சமைப்பார்களா என்று சமையலறையிலேயே கேட்டுவிடுங்கள். சரியான பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

அப்புறம், மகள் ஊருக்கு வந்து சீலா மீனில் சுஷி செய்யலாம் என்றால் வேக வைத்தே செய்யச் சொல்லுங்கள். பச்சையாகச் சாப்பிடும் மீனை ஒட்டுண்ணி சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம்.