ஃப்ளெக்ஸ் கடை அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை மகளின் மேல்படிப்பு பற்றி யோசனை கேட்க நீங்கள் பாப்பாவோடு வந்தபோது வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். பாதிப் பேச்சிலேயே எழ வேண்டியதாகிவிட்டது. படி இறங்கும்போது திரும்பி நின்று கேட்டீர்கள்: "சார், எங்க அப்பாவைத் தின்ன தொழில் இது. பிள்ளையையும் அதுக்கே தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?" அதற்கு நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர், முகவரி எதுவும் போடாமல் பொதுவில் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்களே சொன்னதால் இங்கே எழுதுகிறேன். பிள்ளை படம் வரையப் போகிறேன் என்றதும் தூக்கம் கெட்ட பெற்றோர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

உங்கள் பயம் கேள்விப்பட்டு வந்த பயம் இல்லை, கண்ணால் பார்த்தது. அப்பா சுவர் எழுத்து எழுதினார், தியேட்டருக்கு பேனர் வரைந்தார். ஃப்ளெக்ஸ் வந்ததும் இரண்டு மூன்று வருடத்தில் வேலை நின்றது. பிறகு அதே மெஷினை நீங்கள் கடன் போட்டு வாங்கினீர்கள். இன்று காதணி விழாவும் கண்ணீர் அஞ்சலியும்தான் உங்கள் வீட்டு அரிசி. அதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் அப்பாவைக் கைவிட்டது கூலிக்கு விளம்பரம் வரையும் தொழில். பாப்பா கேட்பது வேறு தெரு. அந்தத் தெருவிலும் மேடு பள்ளம் நிறைய உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். பள்ளம் இருக்கும் இடம் மட்டும் வேறு.

முதலில் பாப்பா படம் வரைந்து வைத்திருக்கும் அந்தக் கருப்பு நோட்டு. நீங்கள் போன் பேச வெளியே போன நேரத்தில் முழுக்கப் புரட்டினேன். முதல் இருபது பக்கம் ராதா கிருஷ்ணர், நடிகர் முகம், போனில் பார்த்து வரைந்தது. நிழலெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது, ஆனால் அதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்காரவில்லை. அப்படி வரைகிற பிள்ளைகள் வாரத்துக்கு ஒன்று வருகிறது. அதற்கப்புறம் ஒரு மாட்டுக் கொட்டகை வந்தது. கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கூரையாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூங்கில் கழியில் மடிந்த இடத்தில் மாப்பிள்ளையின் மூக்கு காணாமல் போய், ஒரு கண்ணும் பாதி மீசையும் மட்டும் கீழே தொங்குகிறது. அதற்கு நேர் கீழே மாடு அசைபோடுகிறது. ஓரத்து ஐலெட் வளையத்தில் சணல் கயிறு எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பது வரைக்கும் எண்ணி வரைந்திருக்கிறாள். இதே மாதிரி பதினான்கு பக்கம்: கோழிக்கூடு, வைக்கோல் படப்பு, டீக்கடைத் தட்டி. ஏன் இதையே வரைகிறாய் என்று கேட்டேன். "கடையில அடிச்சுக் குடுக்கும்போது இதுக்கு ஒருநாள் வாழ்வு சார். அப்புறம் இங்க வந்து மூணு வருஷம் இருக்கு" என்றாள்.

இன்றைய ஓவியக் கூடங்களில், அதாவது கேலரிகளில், கேட்கப்படுவது இதைத்தான். அசலைப் போலவே இருக்கிறது என்பது ஒரு திறமை, அதற்கும் மரியாதை உண்டு. ஆனால் எதைப் பார்த்தாய், உன் ஊரில் நின்று பார்த்தாயா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. உங்கள் கடையிலிருந்து வெளியே போன சரக்கு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று உங்கள் மகள் பின்தொடர்ந்து போயிருக்கிறாள். உங்களுக்கு அது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

சரி, காசுக்கு வருவோம்.

செய்தியில் வரும் ஏல விலையை நம்பி யாரும் இறங்கக் கூடாது. எம்.எஃப். ஹுசைன் 1954-ல் வரைந்த ஓவியம் ஒன்று 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 1.37 கோடி டாலருக்கு மேல் போனது. நம் பணத்தில் 118 கோடி ரூபாய் அளவு. ஹுசைன் 2011-லேயே காலமாகிவிட்டார். அந்தப் படம் பல காலம் நார்வேயில் ஒரு மருத்துவமனைச் சுவரில் தொங்கியது. விலை என்பது கைமாறும்போது படத்தை வைத்திருப்பவருக்கு வருவது. வரைந்தவருக்கு வருமானம் பெரும்பாலும் முதல் விற்பனையோடு சரி. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அதே ஹுசைன் இளம் வயதில் பம்பாயில் வயிற்றுக்காக சினிமா பேனர் வரைந்தவர். உங்கள் அப்பாவின் ஏணியில்தான் அவரும் நின்றார்.

முதல் விற்பனையில் என்ன கிடைக்கும்? கணக்காகவே போடுவோம். ஒரு படம் 40,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்காரர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம். பாதி என்றே வைத்தால் 20,000. அதில் துணி, வண்ணம், மரச்சட்டம், லாரி வாடகை போக ஏழெட்டாயிரம் குறையும். கைக்கு வருவது பன்னிரண்டு, பதின்மூன்று. கண்காட்சியில் பதினைந்து படம் வைத்து இரண்டு போனால் அது நல்ல கண்காட்சி. ஆகவே படம் விற்று மட்டும் வீடு நடத்துவதென்றால், படிப்பு முடிந்து பத்து வருடம் கழித்துப் பேச வேண்டிய பேச்சு அது. பாப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அப்படியானால் அந்தப் பத்து வருடம் எதில் சாப்பிடுவது? ஓவியர்களே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, நிலம் வாங்க எந்தப் புரவலரும் பணத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவரோடு இருந்தவர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் வாங்கினார்கள். காலையில் பத்திக், மாலையில் ஓவியம். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான், வேலையின் பெயர் மாறியிருக்கிறது.

கண்காட்சி என்றால் சுவரில் படம், வாசலில் குத்துவிளக்கு என்று நாம் நினைக்கிறோம். அதற்குப் பின்னால் எத்தனை கை வேலை செய்கிறது என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று முடிவு செய்ய ஓர் ஆள், அவர்தான் க்யூரேட்டர். படம் வந்து இறங்கியதும் எங்கே கீறல், எங்கே பூஞ்சை என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதி வைக்க ஓர் ஆள். மரப்பெட்டியில் அடைக்க, பிரிக்க, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் நிற்கும்படி அளந்து மாட்ட, கண்ணாடியில் கூசாமல் விளக்குத் திருப்ப, பட்டியல் நூலுக்குப் போட்டோ எடுக்க, எழுத, வடிவமைக்க, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கூட்டிப்போய் விளக்க. இதில் பாதி வேலைக்குச் சம்பளம் மாதாமாதம் வரும். பெரிய சம்பளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலை படித்தவர்களைத்தான் தேடுகிறார்கள்.

பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் படிப்பு என்று தனியாக ஒன்று உண்டு. அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயணம் இருக்கிறதே, அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரிச் சுவரைத் தெரியாத கை தொட்டால் போச்சு. வேதியியலும் தெரிந்து, வண்ணமும் தெரிந்த ஆட்கள் நம் பக்கம் மிகக் குறைவு. பாப்பா பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு என்பதால் இந்தக் கதவு அவளுக்குத் திறந்தே இருக்கிறது. என்னைக் கேட்டால் இதைத்தான் அடிக்கோடு போடுவேன்.

அரசு வேலை பற்றியும் கேட்டீர்கள். ஓவிய ஆசிரியர் வேலை உண்டு, ஆனால் அதை நம்பிப் படிக்கச் சொல்ல மாட்டேன். 2012-ல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய். அது 10,000, 12,500 என்று ஏற பத்து வருடத்துக்கு மேல் ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் சாலையில் உட்கார்ந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஓவியக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங் என்று ஒரு துறை. மரத்திலோ செம்புத் தகட்டிலோ செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது. உங்கள் கடையில் ஒரே பைலை மூன்று அடித்தாலும் முப்பது அடித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே 25 பிரதி என்று முடிவு செய்தால் அவ்வளவுதான், அதோடு அச்சுத் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் 3/25, 4/25 என்று எண் போட்டுக் கையெழுத்து. பிரதி குறைவு என்பதால் அதற்கு மதிப்பு, ஒற்றை ஓவியத்தைவிட விலை குறைவு என்பதால் வாங்கவும் ஆள் உண்டு. மை வாசனையில் வளர்ந்த பிள்ளை, யோசித்துப் பாருங்கள்.

எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பு. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். பிள்ளை டாக்டராகவில்லையே என்று வருந்தும் உங்கள் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் சிரிப்பார். சிற்பத்தில் மனம் போனால் மாமல்லபுரம் உண்டு. மேல்படிப்புக்கு பரோடா, சாந்திநிகேதன். அதைப் பிறகு பார்க்கலாம். கல்லூரியில் சேர மார்க் மட்டும் போதாது, செய்முறைத் தேர்வும் வைப்பார்கள். எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்து வரைவது, மனதிலிருந்து ஒரு காட்சியை அமைப்பது என்று இருக்கும். போனைப் பார்த்து வரைந்து பழகிய கை அங்கே தடுமாறும். ஆகவே இன்றிலிருந்து போன் படம் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் குடம், செருப்பு, உங்கள் கடை ஸ்டூல், எதுவானாலும் எதிரில் வைத்து வரையட்டும். லீவு விட்டதும் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்குப் போய் இரண்டு வாரம் பொம்மை செய்பவர்களோடு உட்காரட்டும். களிமண் கைக்குப் பழகினால், தாளில் உருவம் தானாகத் திரளும்.

மதுரையிலேயே இருந்துகொண்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டு வரைய முடியாதா என்றீர்கள். முடியும். மனோகர் தேவதாஸ் மதுரையில் 1936-ல் பிறந்தவர், அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து அதையே வேலையாகவும் பார்த்தார், வேலை மட்டும் சென்னையில். கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த நிலையிலும் பேனா மையில் நம் ஊரை அவர் வரைந்த மாதிரி வரைந்தவர்கள் குறைவு. 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்னொரு பக்கம், இதே மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது சென்னை ஓவியக் கல்லூரியிலேயே படித்து, பத்திரிகை, சினிமா, அனிமேஷன் என்று கோடு வரைந்தே வாழ்ந்து காட்டியிருக்கிறார். இரண்டு வழியும் நம் ஊர்க்காரர்கள் நடந்த வழிதான். எது என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது.

இதை நான் தெரிந்துகொண்டதே ஒரு தப்பு செய்துதான். எட்டு வருடம் முன்பு ஒரு டீக்கடைக்காரரின் மகன் வந்தான். கை நன்றாக ஓடியது. "சிவில் எடு தம்பி, படம் சனி ஞாயிறு வரைஞ்சுக்கலாம்" என்று நான்தான் பேசி அனுப்பினேன். ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம், அரியர் ஒரு கட்டு. இப்போது ஒரு போன் கடையில் கவர் மாட்டிக் கொடுக்கிறான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தால் இன்னும் கும்பிடு போடுகிறான். வரைகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பாப்பா இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறாள் என்றாள். "உங்கள் ஓவியம் சர்வதேசக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கிறது, பங்கேற்புக் கட்டணம் இவ்வளவு" என்று செய்தி வரும். சான்றிதழும் கேடயமும் அனுப்புவார்கள். பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் கேடயம் அது. வாடகைக்கு அரங்கு எடுத்து நாமே கண்காட்சி வைப்பது வேறு, அது நேர்மையான செலவு. ஒரு கூடம் நம் வேலையைப் பார்த்து, நம்மை அழைத்து, விற்றால் பங்கு எடுப்பது வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, செலவு வைக்கும் ஒரு யோசனை. கொச்சி முசிரிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012-ல் தொடங்கியது. ஆறாவது 2025 டிசம்பரிலிருந்து 2026 மார்ச் 31 வரை. மதுரையிலிருந்து ஓர் இரவு பஸ். அடுத்தது நடக்கும்போது பாப்பாவோடு நீங்களும் கூடப் போங்கள். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் பழைய கிடங்குகளில் வைத்திருப்பார்கள். பாதி உங்களுக்குப் புரியாது, எனக்கும் 2018-ல் போனபோது புரியவில்லை. ஒரு அறையில் வெறும் ஓலமாக இருந்தது, நான் பேசாமல் வெளியே வந்து டீ குடித்தேன். பரவாயில்லை. கல்லூரி மாணவர்களின் வேலைகளுக்கென்று மாணவர் பினாலே தனியாக நடக்கும், அங்கே மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். பாப்பாவைவிட நாலைந்து வயது மூத்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், அவர்களின் அப்பாக்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் கடைக்காரர், பேச்சுக் கொடுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொதுத் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குமேல் வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது. கருப்பு நோட்டோடு, பரணில் கிடக்கிறது என்று சொன்னீர்களே, தாத்தாவின் தூரிகை டப்பா, அதையும் பாப்பாவை எடுத்துவரச் சொல்லுங்கள். முடி உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை.