திரை முழுக்கக் கிறுக்கல்: போர்டு செத்துவிட்டதா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறேன். அப்பா 1990களில் பழைய வண்ணாரப்பேட்டையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். பரணில் இரண்டு போர்டுகள் கிடைத்தன. ஒன்றைக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் இணைத்தேன். திரை முழுக்க எழுத்தும் கட்டமுமாகக் கிறுக்கல். நொடிக்கொரு தரம் வெட்டி வெட்டி மாறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஐசி எல்லாம் போச்சு, எடைக்குப் போடுங்க" என்கிறார். இன்னொரு போர்டில் பேட்டரியைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது, அதை இன்னும் இணைக்கவில்லை. சரிசெய்ய முடியுமா?

பதில்: எடைக்குப் போடாதீர்கள். அந்தக் கிறுக்கலே எனக்கு நம்பிக்கை தருகிறது.

கரன்ட் வந்த உடனே, தற்காலிக நினைவகமான ராம் ஐசிக்குள் இருப்பது வெறும் குப்பை. போர்டின் மூளையான சிபியு எழுந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்துவிட்டுப் படத்தை எழுத வேண்டும். உங்கள் போர்டில் சிபியு அந்த வேலையைச் செய்யவில்லை. வீடியோ பகுதி மட்டும் ராமில் இருக்கும் குப்பையை ஒழுங்காகத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் தாளம் தரும் துடிப்பான கிளாக் ஓடுகிறது, படம் உருளாமல் நிற்கிறது, போர்டில் பாதிக்கு உயிர் இருக்கிறது. நொடிக்கொரு தரம் வெட்டுவது பெரும்பாலும் வாட்ச்டாக். சிபியுவிடமிருந்து குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யும் காவல் சர்க்யூட் அது.

சால்டரிங் அயர்னை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் மல்டிமீட்டர். எஸ்எம்பிஎஸ் முனையில் 5 வோல்ட் காட்டினால் போதாது. கனெக்டருக்குத் தூரமாக உள்ள ஒரு 14 கால் டிடிஎல் ஐசியின் (74 வரிசைச் சின்ன ஐசி) 7ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். இந்தப் போர்டுகள் 3, 4 ஆம்பியர்கூட இழுக்கும். வயரிலும் கனெக்டரிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தாலே 4 ஆம்பியரில் 0.4 வோல்ட் போய்விடும். போர்டுக்குக் கிடைப்பது 4.6தான். அந்த வோல்டேஜில் சிபியு தடுமாறும், நல்ல ஐசிகள்கூடக் கெட்டதுபோல நடிக்கும். கம்ப்யூட்டர் சப்ளை என்பதால் ஒற்றை வயரில் ஓட்டாமல் சிவப்பில் நான்கும் கறுப்பில் நான்குமாகச் சேர்த்துக் கட்டுங்கள்.

அடுத்தது கான்டாக்ட். கடற்கரை ஓரத்து வீட்டில், உப்புக்காற்றில், பல வருடம் பரணில் கிடந்த பொருள் அது. போர்டு விளிம்பில் உள்ள பட்டைகளை மெத்தென்ற ரப்பரால் அழித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்க முலாம் போய்விடும். பிறகு ஐசி பேஸில் (சாக்கெட்டில்) உட்கார்ந்திருக்கும், கேம் பதிந்த ரோம்கள். போட்டோ எடுத்து, வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டு முனையிலும் மாறி மாறி மயிரிழையாக நெம்பி எடுங்கள். கால்கள் கறுத்திருந்தால் அது வெள்ளி முலாம் கறுப்பது. ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும், வளைத்தால் முறியும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். அதற்கடியில் இருப்பது கண்ணாடி ஜன்னல், புற ஊதாக் கதிர் பட்டால் ரோமில் இருப்பது அழிந்துவிடும்.

திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு போர்டில் மூன்று நாள் ராம் ஐசிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: யாரோ ரோமைத் திரும்பச் செருகியபோது ஒரு கால் பேஸுக்குள் இறங்காமல், ஐசியின் வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நிமிர்த்திச் செருகியதும் கேம் ஓடியது. அன்றிலிருந்து எந்தப் போர்டு வந்தாலும் ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் பார்க்காமல் மேற்கொண்டு கைவைப்பதில்லை.

இதற்குப் பிறகும் கிறுக்கல் போகாவிட்டால், ஐசியின் காலில் துடிப்பு இருக்கிறதா என்று காட்டும் லாஜிக் ப்ரோப் ஒன்று வாங்குங்கள்; ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் அகப்படும், ஐசி பேஸும் 74 வரிசை ஐசிகளும் அங்கேயே வாங்கிவிடலாம். சிபியு 40 கால் இசட்80 ஆக இருந்தால் 26ஆம் கால் ரீசெட், 6ஆம் கால் கிளாக். 26 நொடிக்கொரு தரம் கீழே விழுந்து எழுந்தால் வாட்ச்டாக் உறுதி. ரோம்களைப் ப்ரோக்ராமர் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துப் படித்து, அந்த கேமுக்குரிய செக்சம்மோடு (உள்ளிருப்பதைச் சரிபார்க்கும் எண்) ஒப்பிடச் சொல்லுங்கள். ரோம் சரியென்றால் சந்தேகம் ராம் மீதும், அதற்கும் சிபியுவுக்கும் நடுவே நின்று சிக்னலைக் கடத்தும் 74எல்எஸ்245 போன்ற பஃபர்கள் மீதும். கழற்றவேண்டி வந்தால் ஐசியைக் காப்பாற்ற நினைக்காமல் போர்டைக் காப்பாற்றுங்கள்: கட்டரால் கால்களை நறுக்கி, ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி உருவி, அங்கே பேஸ் வையுங்கள். முழு ஐசியைப் பிடித்து இழுத்தால் போர்டின் செம்புக் கோடான டிராக் கையோடு வரும்.

இனி பச்சை பூத்த போர்டு. கசிந்திருப்பது காரம் (ஆல்கலி), டிராக்கைத் தின்றுகொண்டே போகும். பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவி, ஃபேன் காற்றில் ஒரு நாள் காயவிடுங்கள். ஆனால் வெட்டுமுன் போர்டின் பெயரைப் பாருங்கள். கேம் கம்பெனியான கேப்காமின் 1993ஆம் ஆண்டு சிபிஎஸ்-2 போர்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வரும். அதிலும் சேகாவின் சில போர்டுகளிலும் கேமைத் திறக்கும் சாவியே பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. எடுத்தால் கேம் போய்விடும்.

இணைக்குமுன் இன்னொன்று. கேம் போர்டுகளுக்கான பொதுக் கனெக்டர் ஒழுங்கான ஜாமா முறை வந்தது 1985இல்தான். அதற்கு முந்தைய போர்டுகளில் 56 பட்டைக் கனெக்டர் பொருந்தினாலும் வரிசை வேறாக இருக்கலாம். இரு பக்கமும் 1, 2, 27, 28ஆம் பட்டைகள் எர்த்தோடும், 3, 4ஆம் பட்டைகள் ஐசிகளின் 5 வோல்ட் காலோடும் சேர்கின்றனவா என்று மீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

முதல் போர்டில் எத்தனை வோல்ட் கிடைத்தது, சிபியு முதுகில் என்ன எழுதியிருக்கிறது, ரீசெட் கால் துடிக்கிறதா என்று எழுதுங்கள். எந்த ஐசியில் தொடங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.