காவலர்களைச் சுடாமல் விட்டால் மக்கள் கருத்து சரியாது

‘டெட்ராய்ட்: பிகம் ஹ்யூமன்’ என்னும் காணொளி விளையாட்டின் கேபிடல் பார்க் அத்தியாய இறுதியில், ஆண்ட்ராய்டுகளின் (மனித உருவ ரோபோக்களின்) தலைவனான மார்கஸ் தன்னிடம் சிக்கும் இரண்டு காவலர்களையும் உயிரோடு விட்டுவிட வேண்டும். அந்த அத்தியாயத்தில் ஆண்ட்ராய்டுகளை விடுவித்த பிறகு எதையும் உடைக்காமல் இருந்தும், அவர்கள் மீதான மக்கள் கருத்து சரிந்ததாக நீங்கள் எழுதியிருப்பதற்கு, பெரும்பாலும் அந்தக் காவலர்களைச் சுட்டதுதான் காரணமாக இருக்கும்.

அத்தியாய முடிவில் வரும் தேர்வு வரைபடத்தில் அந்தக் கிளையைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஸ்ட்ராட்ஃபோர்ட் கோபுர அத்தியாயத்தில் தப்பியோடும் ஊழியரைச் சுட்டீர்களா என்பதையும் அவ்வாறே சரிபார்க்கலாம்.

கதை நடக்கும் 2038ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரில் ஆண்ட்ராய்டுகளால் வேலையிழந்தவர்கள் மார்கஸைத் தொடக்கத்திலேயே தெருவில் தாக்குகிறார்கள் என்பதால், உரிமைக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், சிந்தும் ஒவ்வொரு துளி மனித இரத்தமும் அவர்களுடைய அச்சத்தை மெய்ப்பிப்பதாகவே அமைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்குச் சற்றுக் கொடுமையாகவே படுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழைய அத்தியாயத்தை மாற்றிச் சேமித்தால், அதன் பின்வரும் அத்தியாயங்களையும் வரிசையாக மீண்டும் ஆட வேண்டியிருக்கும்.