குத்தியது யாரோ, கத்தியை உருவியது நான்: வழக்கில் சிக்குவேனா?

கேள்வி: என் வயது 62. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ராத்திரி கடை எடுத்துவைக்கிற நேரத்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் ஒரு பையனைத் தொடையில் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். பதற்றத்தில் கத்தியை நான் உருவிவிட்டேன். துண்டை வைத்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். பையன் இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கிறான். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் மேல் போன் வருகிறது. கத்தியில் என் கைரேகை இருக்கும். அவன் இறந்துவிட்டால் என்னையும் சேர்த்துவிடுவார்களா? உதவி செய்தவர்களைப் போலீஸ் தொல்லை செய்யக் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகளும், 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் சாலை விபத்தில் உதவியவர்களுக்கு மட்டுமே. பேர் சொல்லாமல் போகலாம் என்ற சலுகையும் அங்கேதான். குத்தியவர்கள் பைக்கில் வந்தார்கள் என்பதால் இது வாகன விபத்து ஆகிவிடாது. கொலை முயற்சி வழக்கில் நீங்கள் சாட்சி, ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. உங்களைக் காப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா. பையன் நினைவோடு இருந்து உதவியை ஏற்றிருந்தால் பிரிவு 26, நினைவில்லாமல் கிடந்திருந்தால் பிரிவு 30. ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியத்தில் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமில்லை என்பதுதான் இரண்டின் சாரம். நல்லெண்ணம் என்றால் மனசு நல்லது என்று மட்டும் பொருளல்ல. தக்க கவனத்தோடு செய்திருக்க வேண்டும். அந்தக் கவனத்தை டாக்டருக்குரிய அளவுகோலால் அளக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு சாதாரண ஆள் எப்படி நடந்திருப்பார் என்றுதான் பார்ப்பார்கள். கத்தியை உருவிய கையோடு துண்டால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே உங்கள் எண்ணத்துக்குச் சாட்சி.

பையன் இறந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்று கேட்பார்: "டீக்கடைக்காரர் கத்தியை உருவாமல் இருந்திருந்தால் பையன் பிழைத்திருப்பான் அல்லவா?" இதற்குப் பதில் பிரிவு 100-ன் இரண்டாவது விளக்கத்திலேயே இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்திருந்தால் சாவைத் தடுத்திருக்கலாம் என்றாலும், காயத்தை உண்டாக்கியவரே மரணத்தை உண்டாக்கியவராகக் கருதப்படுவார்.

கைரேகை விஷயத்தில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: தடயவியல் அறிக்கை வருவதற்கு முன்னால், முதல் வாக்குமூலத்திலேயே "கத்தியை உருவியது நான்" என்று சொல்லிவிடுங்கள். எந்தக் கையால், எங்கே போட்டீர்கள், அதன்பின் அதை யார் எடுத்தார்கள் என்பதும் அதில் வரட்டும். முதலிலேயே சொன்னால் அது நடந்ததன் ஒரு பகுதி. அறிக்கை வந்தபின் சொன்னால் சமாளிப்பாகத் தெரியும். கத்தியைத் தொட்டதே தடயத்தை அழித்த குற்றம் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். பிரிவு 238-க்குக் குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கம் வேண்டும்.

அடுத்து போன். சாட்சியை விசாரணைக்கு வரச்சொல்ல, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 179-ன்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். 60 வயது தாண்டியவரை அவர் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 65. 2024 ஜூலை முதல் உங்களுக்கும் இது கிடைக்கிறது. "வயது 62, வீட்டுக்கு வாருங்கள், எல்லாம் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வரும் தாளில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 179 என்றால் சாட்சி. 35(3) என்றால் உங்கள்மேல் சந்தேகம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வக்கீலைப் பார்க்காமல் போக வேண்டாம், போகாமலும் இருக்க வேண்டாம்.

போலீசில் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது, பிரிவு 181. சட்டை, துண்டைக் கைப்பற்றினால் எழுதும் மகஜர் வேறு. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடலாம். வெற்றுத்தாளில் எதற்கும் போடாதீர்கள். ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காமல், நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் அல்லாமல் வெள்ளைத்தாளில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

பலர் கவனிக்காத இடம் ஆஸ்பத்திரி. டாக்டர் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், யார் கொண்டுவந்தார், யார், எதனால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதுவார். அங்கே பதற்றத்தில் "யாரோ நாலு பேர்" என்று சொல்லியிருந்தால், இரண்டு பேர் என்ற உங்கள் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை வைத்தே உடைப்பார்கள். என்ன சொன்னீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் அதையும் விசாரணை அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆட்டோவில் அந்தப் பையன், குத்தியவர்களின் பேர் ஏதாவது சொன்னானா? அவன் சொன்ன வார்த்தையை மாற்றாமல் சொல்லுங்கள். அவன் இறக்க நேர்ந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 26-ன்படி அது மரண வாக்குமூலம் ஆகலாம். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால்தான் செல்லும் என்பதில்லை.

குத்தியவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் போட்டோக்களைப் பார்க்காதீர்கள். நாளை அடையாள அணிவகுப்பில் நீங்கள் காட்டும் ஆளை, "போட்டோ பார்த்துக் காட்டினார்" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: செருகியிருக்கும் கத்தி, அறுபட்ட ரத்தக்குழாயைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். உருவாமல், அசையாதபடி இருபுறமும் துணியைச் சுருட்டி அணைகொடுங்கள். கத்தி இல்லாத காயத்தில் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நனைந்தால் எடுத்துப் பார்க்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கை கால் காயத்தில் அப்படியும் பீய்ச்சியடித்தால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல், அகலத் துணியால் குச்சி வைத்து முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவிடுங்கள். நடுவில் தளர்த்தக் கூடாது. குடிக்கத் தண்ணீர் வேண்டாம். முதலில் 108, அந்த அழைப்புப் பதிவே பின்னால் நேரத்துக்குச் சாட்சி. உங்கள் கையில் வெட்டு இருந்து அடிபட்டவர் ரத்தம் பட்டால் சோப்பால் கழுவிவிட்டு, எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் விரலிலும் கீறல் இருந்திருந்தால், அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"சாட்சி சொல்லாதே" என்று யாராவது கடைக்கு வந்தால், தேதி, நேரம், வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள். 2018 சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும். மிரட்டல் பற்றி டி.எஸ்.பி. நிலை அதிகாரி அறிக்கை தர 5 வேலை நாள் கெடு. கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே போலீசில் எழுதிக் கொடுத்து அந்த இரவின் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும்.