கடவுள் இல்லை என்பதை நாத்திகர்கள் பொதுவெளியில் சொல்லத்தான் வேண்டுமா?

பக்தர்கள் தங்கள் நம்பிக்கையோடு அமைதியாக இருக்கும்போது நாத்திகர்கள் மட்டும் ஏன் மேடை போட்டுப் பேச வேண்டும், அதை வீட்டோடு வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கல்லூரி நாள்களிலிருந்தே கடவுள் நம்பிக்கை இல்லை. என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர். ஆகவே இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குப் புதிதன்று.

பக்தர்கள் தங்கள் நம்பிக்கையை வீட்டோடு வைத்துக்கொள்வதாக நீங்கள் நினைப்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்துக்குள் நுழையும் மினி பஸ்ஸின் முன்கண்ணாடியில் ‘பாண்டி முனி துணை’ என்று எழுதியிருக்கிறது. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பிலும் தெய்வத்தின் பெயர் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நகரத்தின் பாதிச் சாலைகள் வைகையை நோக்கியே திரும்பிவிடுகின்றன. இவற்றில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. அழகரைப் பார்க்க நானும் போகிறேன், பந்தலில் நீர்மோரும் வாங்கிக் குடிக்கிறேன். ஆனால் இவையெல்லாம் ‘இருக்கிறார்’ என்று பொதுவெளியில் சொல்வதுதான். பழகிவிட்டதால் அது நமக்குப் பேச்சாகத் தெரிவதில்லை. ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் மட்டும் திரும்பிப் பார்க்கிறோம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் மட்டுமல்லாமல் மனச்சான்றின்படி நடக்கவும் உரிமை தருகிறது. 19-ஆம் பிரிவின் பேச்சுரிமை இரு தரப்புக்கும் பொது. சட்டமன்ற உறுப்பினர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறியும் பதவியேற்கலாம். பெரியார் சிலைகளின் பீடத்திலுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; கடவுளைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டென்றால் அதை மறுக்க மற்றவருக்கும் உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்துவது வேறு. அது 1927-இல் சேர்க்கப்பட்ட பழைய 295-ஏ பிரிவின்படியும் குற்றம், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவின்படியும் குற்றம்.

அந்தப் பீட வாசகத்தைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு. கடவுள் இல்லை என்று சொல்லும் முதல் பகுதி ஒரு கூற்று. அதை மறுக்கலாம், விவாதிக்கலாம். கடவுளைக் கற்பித்தவன், பரப்பியவன், வணங்குகிறவன் என்று மூன்று வகை ஆள்களுக்கு வசைப் பெயர் சூட்டும் பின்பகுதியை நான் என் வாயால் சொல்ல மாட்டேன். வெளியூரில் ஒருமுறை அதை நின்று படித்த என் மனைவி, “இதுல நான் மூணாவது ஆளு” என்றார். கோபமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மதுரையில் இந்த வாதம் எப்போதும் நாகரிகமாக நடந்ததாகச் சொல்ல முடியாது. 1946-இல் இங்கே கூடிய, பெரியார் தொண்டர்களின் கருஞ்சட்டைப் படை மாநாட்டின் பந்தல் எரிக்கப்பட்டது. அதே மதுரையில்தான் திராவிட இயக்கத்தின் முன்னோடியான நீதிக்கட்சியின் தலைவரும் 1936-இல் சில மாதங்கள் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவருமான பி.டி.ராஜன், மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியை முன்னின்று செய்து 1963-இல் குடமுழுக்கும் நடத்தினார். சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் காவியோடும் நீறோடும் பெரியாருடன் நட்புப் பாராட்டினார். ஒருவர் மற்றவரை வாயடைக்கச் சொல்லவில்லை. மேடையில் மறுத்துப் பேசிக்கொண்டே பழகினார்கள்.

எனக்கு இதில் தெளிவு வந்தது புத்தகத்தால் அல்ல, என் அத்தையால். 1994-இல் மேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பா இறந்தபோது எனக்கு வயது இருபத்தெட்டு. கொள்ளி வைக்கவும் மொட்டை போடவும் மறுத்துவிட்டேன். சித்தப்பா மகன் செய்தான். மறுத்ததோடு நின்றிருக்க வேண்டும். நானோ உடல் கிடந்த முற்றத்தில், ஆன்மா என்று ஒன்றில்லை, சடங்குகள் எல்லாம் பிழைப்புக்காக ஏற்படுத்தப்பட்டவை என்று கூடியிருந்தவர்களுக்குப் பத்து நிமிடம் விளக்கவுரை நிகழ்த்தினேன். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பாவின் அக்கா மட்டும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஏப்பா, இதையெல்லாம் மேலமாசி வீதியில மேடை போட்டுப் பேசு, நானே வந்து உக்காந்து கேக்குறேன். இங்க என் தம்பி கெடக்கான். நான் எந்திரிச்சு எங்கிட்டுப் போவேன்?”

சடங்கை மறுத்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எவ்வளவு காரமான கருத்தானாலும், கேட்பவர் எழுந்து போக முடிகிற இடத்தில் அதைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. போக முடியாதவரைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஆத்திகமானாலும் நாத்திகமானாலும், சொல்லக் கூடாது. நான் கண்ட அளவுகோல் இதுதான். தெருமுனைக் கூட்டம், துண்டறிக்கை, பட்டிமன்றம் ஆகியவற்றில் கேட்பவர் தாமாக வருகிறார், தாமாகப் போகிறார். தீச்சட்டியைக் கையில் ஏந்தி, ‘தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே’ என்று பகுத்தறிவாளர்கள் ஊர்வலம் போவதையும், அலகு குத்திக் கார் இழுத்துக் காட்டுவதையும் நான் ஏற்பது இதனால்தான். விருப்பமிருந்தால் நின்று பார்க்கலாம், இல்லையென்றால் அடுத்த தெருவில் திரும்பிவிடலாம். மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவரிடம் சாமி நூலை நீட்டுவதும் சாமி இல்லை என்று வாதாடுவதும் எனக்கு ஒன்றே.

ஒலிபெருக்கியும் இந்தக் கணக்கில்தான் வரும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அது கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மார்கழி விடியலில் எங்கள் தெருவுக்கு அந்த விதி வந்து சேருவதில்லை என்பது வேறு விஷயம்.

அலுவலகத்தில்தான் இது மிகவும் சிக்கலாகும். அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் கூடாதென்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968-இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனாலும் ஆயுத பூஜை நடந்துகொண்டுதான் இருந்தது. நான் புதிதாகச் சேர்ந்த ஆண்டு, கண்காணிப்பாளர் திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொரு மேசையாக வந்தார். நல்ல மனிதர், கட்டாயப்படுத்தும் எண்ணமே அவருக்கு இருந்திருக்காது. ஆனால் விடுப்பு விண்ணப்பம் முதல் ஆண்டு ஊதிய உயர்வு வரை என் கோப்புகள் எல்லாம் அவர் மேசைக்குப் போயாக வேண்டும். பேசாமல் நெற்றியை நீட்டினேன். பல ஆண்டுகள் கழித்து அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தபோது, பூஜையை நிறுத்தினால் நானும் அதே அதிகாரத்தைத்தான் பயன்படுத்துகிறேன் என்று தோன்றியது. தட்டை மேசையிலேயே வைத்துவிடுங்கள், வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொன்னேன். “சார் வந்ததிலருந்து சாமி எடத்த விட்டு நகர மாட்டேங்குது” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அந்த ஆண்டு மூன்று பேர் தட்டுப் பக்கம் வரவில்லை. முந்தைய ஆண்டுகளில் அந்த மூன்று பேர் நெற்றியிலும் திருநீறு இருந்தது.

அத்தை தம் வாக்கைக் காப்பாற்றினார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து மதுரையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, மேலமாசி வீதியில் நடந்த ஒரு பகுத்தறிவுக் கூட்டத்துக்கு என்னோடு வந்து, பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டபடி அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டார். பிறகு சேலையைத் தட்டிவிட்டு எழுந்தார். “பய நல்லாத்தான் பேசுறான். நீ இருந்து கேட்டுட்டு வா, நான் நடை சாத்துறதுக்குள்ள ஆத்தாளைப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.